கம்ப்யூட்டர் கடையில் ஒரு கறார் ஆசாமி!

மவுஸ் முதல் ரம்மி வரை... எது உருப்படி? எது தண்டச் செலவு?

வடக்குத்து:

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகிற ரோட்டில், நெய்வேலியை ஒட்டினாற்போல் இருக்கும் ஊர் வடக்குத்து. டவுன்ஷிப் குவார்ட்டர்சில் காலம் தள்ளியவர்கள் ரிடையர் ஆனதும் சாவியை ஒப்படைத்துவிட்டு, வந்த பணத்தில் வீடு கட்டிக் குடியேறுவது இந்தப் பக்கம் சகஜம்.

காலேஜ் திறக்கிற ஜூன், ஜூலை மாதங்களில் கம்ப்யூட்டர் கடைகளில் ஒரு ரக வாடிக்கையாளரைத் தவறாமல் பார்க்கலாம். அரைக்கைச் சட்டை. பாக்கெட்டில் பேனா. கையில் நாலாக மடித்த காகிதம். பின்னால் செல்போனைப் பார்த்தபடி ஒரு பையன்.

பெயர் எதற்கு? நாலு பேரைச் சேர்த்து அரைத்தால் இப்படி ஒருத்தர் வருவார். பெரியவர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

பெரியவர் கொண்டு வந்திருப்பது லேசான பணம் இல்லை. ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. பேங்கில் போட்டதை எடுத்தது. இன்னொரு தடவை எடுக்க முடியாது. நாலு வருஷ இன்ஜினீயரிங் படிப்பு முடிகிற வரை இந்தப் பெட்டி ஓட வேண்டும். அதனால்தான் கடைக்காரப் பையன் "சார், சூப்பர் பீஸ் சார்" என்றதும் அவர் மசியவில்லை.

"பீஸ் இருக்கட்டும் தம்பி. பின்னாடி திருப்பு. ஸ்டிக்கரைப் படிக்கணும்!"

எடை போட்டுப் பார்!

முதல் சண்டையே பவர் சப்ளையில்தான்.

கேபினெட் என்று சொல்கிற வெளிப்பெட்டி கண்ணைப் பறிக்கும். பச்சை, சிவப்பு, ஊதா என்று விளக்கு சுற்றும். சைடில் கண்ணாடி. பையனுக்கு அதிலேயே மயக்கம். ஆனால் உள்ளே மூலையில் உட்கார்ந்திருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற டப்பாதான் மற்ற எல்லாவற்றுக்கும் சோறு போடுவது. கரண்டை வாங்கி 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அது கெட்டால் தான் மட்டும் போகாது. பக்கத்தில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு போகும்.

கேபினெட்டோடு "இனாமாக" வரும் டப்பாவில் 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கும். போட்டிருப்பது வேறு, கொடுப்பது வேறு. பெரியவரின் சோதனை சுலபமானது. இதை ஒரு கையில், நல்ல கம்பெனி டப்பாவை ஒரு கையில் தூக்கிப் பார்ப்பார். டிரான்ஸ்பார்மர், காயில், வெப்பத்தை இழுக்கும் அலுமினியத் தகடு இதெல்லாம் எடை உள்ள சாமான். இனாம் டப்பா பஞ்சு மாதிரி இருந்தால் உள்ளே ஏதோ குறைகிறது என்று அர்த்தம். லேபாரட்டரி சோதனைக்கு இது ஈடாகாது. ஆனாலும் கடை வாசலில் நின்று செய்யக்கூடியதில் இதை மிஞ்சிய சோதனை இல்லை.

"விளக்கு எரியாட்டி படிப்பு ஏறாதாடா?" என்று அப்பா கேட்க, "அப்பா, அது ஏர் ஃப்ளோவுக்குப்பா" என்று பையன் சமாளிக்க, கடைக்காரர் நடுவில் சிரிக்க... விளக்கு இல்லாத பெட்டிதான் பில்லில் ஏறியது. மிச்சமான பணம் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.சுக்குப் போனது.

கரண்ட் ஊரில் கரண்டுக்குப் பயம்!

அடுத்தது யு.பி.எஸ்.

வெளியூர்க்காரருக்கு இது வேடிக்கையாக இருக்கும். நெய்வேலியில் சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல் மின் நிலையம் 1962-ல் ஓட ஆரம்பித்து, 600 மெகாவாட் வரை வளர்ந்து, கிழடாகி 2020-ல் ஓய்வு பெற்றது. அதற்குள் புதிய நிலையங்கள் வந்துவிட்டன. பழுப்பு நிலக்கரியை வெட்டி, எரித்து, தென்மாநிலங்களுக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற பூமி இது. அதன் பக்கத்து ஊர்க்காரர் கரண்ட் போய்விடுமே என்று பேட்டரி வாங்குகிறார்!

காரணம் உண்டு. 2008-லிருந்து சில வருஷங்கள் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு படுத்திய பாடு யாருக்கும் மறக்கவில்லை. அதற்கு மேல் 2011 டிசம்பர் 30 விடிகாலையில் "தானே" புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரி மரங்களும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்தன. பல கிராமங்களில் நாள் கணக்கில், சில இடங்களில் வாரக் கணக்கில் இருட்டு. அதைப் பார்த்தவர்களுக்கு யு.பி.எஸ். என்றால் ஆடம்பரமாகத் தெரியாது.

ஆனால் இங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. அட்டையில் 600 வி.ஏ. என்று போட்டிருந்தால் 600 வாட் கிடைக்கும் என்று நினைப்பது தப்பு. அந்த ரகம் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் பேட்டரி. பெருக்கினால் 84. அதாவது 84 வாட் சாமானை ஒரு மணி நேரம் ஓட்டலாம் என்பது காகிதக் கணக்கு. நடைமுறையில் பாதி தேறினால் அதிர்ஷ்டம். மானிட்டரோடு சேர்த்து 120 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் என்றால் கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிஷம்.

"அது போதும் தம்பி. எழுதினதை சேவ் பண்ணிட்டு அணைக்கிறதுக்குத்தான் இது. உக்காந்து சினிமா பாக்கிறதுக்கு இல்ல" என்கிறார் பெரியவர். நூற்றுக்கு நூறு சரி.

இரண்டு மூன்று வருஷத்தில் பேட்டரி உயிரை விடும். அப்போது யு.பி.எஸ்.ஸே போச்சு என்று புதிதாகத் தலையில் கட்டுவார்கள். பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். பழைய பேட்டரியில் ஈயம் இருக்கிறது. அதைக் குப்பையில் போடாமல் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். இன்னொன்று: லேசர் பிரிண்டரை இந்தக் குட்டி யு.பி.எஸ்.சில் சொருகக் கூடாது. காகிதத்தில் மையை உருக்கி ஒட்ட அது சூடாகும்போது இழுக்கிற இழுப்பில் யு.பி.எஸ். மூச்சு நின்றுவிடும்.

டொக்... டொக்... கீபோர்டு!

கீபோர்டு விஷயத்தில் பெரியவர் பழைய டைப்ரைட்டிங் ஆசாமி. இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்த விரல்கள்.

இருநூறு முந்நூறு ரூபாய் கீபோர்டில் கட்டைக்கு அடியில் ரப்பர் குமிழ் இருக்கும். அழுத்தினால் பொதபொதவென்று அமுங்கும். சில மாதத்தில் "அ" அடித்தால் ஒன்றும் வராது, இல்லாவிட்டால் நாலு "அ" வரும். மெக்கானிக்கல் என்கிற ரகத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் தனி ஸ்பிரிங், தனி ஸ்விட்ச். அடித்தால் "டொக்" என்று பதில் சொல்லும். "டிவிஎஸ் கோல்டு" கீபோர்டுக்கு டைப் அடிக்கிறவர்களிடம் இத்தனை காலமாக மவுசு குறையாததற்கு இதுதான் ரகசியம். விலை கூடுதல். சத்தமும் கூடுதல். ராத்திரி பக்கத்து அறையில் தூங்குகிறவர் திட்டுவார்.

தமிழ் அடிக்கத் தனிக் கட்டை தேவையா என்று பலருக்குச் சந்தேகம். தேவை இல்லை. 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட "தமிழ் 99" முறையில் உயிர் எழுத்துக்கள் இடது கைக்கும், மெய் வலது கைக்கும் வருகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். 2019-லிருந்து விண்டோசிலேயே அது உள்ளே இருக்கிறது. இதற்கென்று தனி சாப்ட்வேர் விற்க வருகிறவரிடம் கும்பிடு போட்டுவிடலாம்.

மவுசுக்கு வருவோம். டக்ளஸ் எங்கல்பர்ட் என்ற அமெரிக்கர் 1968-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு மாநாட்டில் அதை ஊருக்குக் காட்டியபோது, எலி வெறும் மரக்கட்டையாகத்தான் பிறந்திருந்தது. பிறகு அடியில் ரப்பர் உருண்டை வந்தது. வாரம் ஒரு தடவை உருண்டையைக் கழற்றி அழுக்கைச் சுரண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைக்கு வெளிச்சம் பாய்ச்சிப் படம் பிடிக்கிற எலி. "டிபிஐ 16 ஆயிரம் சார்!" என்று கடையில் அளப்பார்கள். டேபிளில் எக்செல் ஷீட் பார்க்கிறவருக்கு ஆயிரமே தாராளம். கை ஒரு அங்குலம் நகர்ந்தால் அம்பு எத்தனை புள்ளி நகரும் என்பதுதான் அந்தக் கணக்கு. பதினாறாயிரம் வைத்தால் தும்மினாலே அம்பு திரையை விட்டு ஓடும்!

1 டெரா பைட்... 400 ரூபாய்!

பெரியவர் நிஜமாகவே சூடு பட்டது பென் டிரைவில்.

ரோட்டோரத்தில் துணி விரித்து விற்பார்கள். ஆன்லைனிலும் வரும். "1 டி.பி. பென் டிரைவ், விலை 400 மட்டும்." கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தால் 1 டி.பி. என்றே காட்டும். ஆள் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். பேத்தியின் காதுகுத்துப் போட்டோ, வீடு கட்டிய பத்திரத்தின் ஸ்கேன் காப்பி, பையனின் மார்க்‌ஷீட் எல்லாவற்றையும் அதில் ஏற்றுவார். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் பெயர்கள் வரிசையாக இருக்கும். எதைத் தட்டினாலும் திறக்காது.

மோசடி நடப்பது இப்படித்தான்: உள்ளே இருப்பது 8 ஜி.பி. அல்லது 16 ஜி.பி. சில்லு. அதை மேய்க்கிற கன்ட்ரோலர் என்ற குட்டி மூளைக்கு "யார் கேட்டாலும் 1 டி.பி. என்று சொல்" எனப் பொய் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 8 ஜி.பி. நிரம்புகிற வரை ஒழுங்காக இருக்கும். அதற்குப் பிறகு ஏற்றுவதெல்லாம் பழையதன் மேலேயே விழும், இல்லாவிட்டால் காற்றில் போகும். பட்டியலில் பெயர் மட்டும் பதிவாகும். ரேஷன் கார்டில் பெயர் இருந்து ஆள் இல்லாத கதை!

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வாங்கின அன்றே டிரைவை முழுக்க நிரப்பி, நிரப்பியதைத் திரும்பப் படிக்க வேண்டும். இதற்கென்றே ஜெர்மனியில் எழுதிய "எச்2டெஸ்ட்டபிள்யூ" என்ற இனாம் புரோகிராம் உண்டு. பெரிய டிரைவ் என்றால் மணிக் கணக்கில் ஓடும். ஓடட்டும். பத்திரம் தொலைவதைவிட மேல்.

கீபோர்டு, பிரிண்டர், மானிட்டர், லேப்டாப், அடாப்டர் முதலிய சாமான்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவு அமலில் இருக்கிறது. சாமானின் மேல் "ஆர்" என்ற எழுத்தும் அதைத் தொடர்ந்து ஒரு நம்பரும் இருக்க வேண்டும். "பி.ஐ.எஸ். கேர்" என்ற செல்போன் ஆப்பில் அந்த நம்பரைத் தட்டினால் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று வந்துவிடும். நம்பர் பொய் என்றால் சாமானும் பொய். கடைக்காரர் முன்னாலேயே தட்டிப் பார்க்கலாம். கோபித்துக்கொள்கிற கடையாக இருந்தால் அதுவே ஒரு பதில்.

இறக்குமதிச் சாமான் என்றால் அட்டையில் இறக்குமதி செய்தவர் பெயர், விலாசம், அதிகபட்ச சில்லறை விலை, மாதம், வருஷம், புகார் நம்பர் இருந்தாக வேண்டும். 2011-ஆம் வருஷ எடையளவு விதிகள் சொல்வது அது. சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகக் கிடைக்கும் என்று ராத்திரி பஸ் ஏறிப் போகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. அங்கே நல்ல கடைகளும் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஆனால் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொடுத்த சாமானை வடக்குத்திலிருந்து எத்தனை தடவை எடுத்துக்கொண்டு ஓடுவது? பஸ் செலவே முதலைத் தின்றுவிடும்.

வைரசுக்குத் தாயத்து!

"ஆன்டி வைரஸ் ஒண்ணு போட்டுடலாமா சார்? ஒரு வருஷத்துக்குத்தான். போடலேன்னா கேரண்டி சொல்ல முடியாது."

கடைக்காரர் இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழும். கோயில் வாசலில் தாயத்து விற்கிற குரல்!

கம்ப்யூட்டர் வைரசின் ஜாதகம் சுவாரசியமானது. ஐ.பி.எம். ரக கம்ப்யூட்டரைத் தாக்கிய முதல் வைரஸ் "பிரெயின்". 1986-ல் லாகூரில் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர் எழுதியது. வைரசுக்குள்ளேயே தங்கள் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் போட்டிருந்தார்கள்! தங்கள் புரோகிராமைத் திருட்டுக் காப்பி எடுக்கிறவர்களைப் பிடிக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றார்கள். பிளாப்பி தட்டில் ஏறி அது அமெரிக்கா வரை போய்விட்டது.

மருந்து செய்கிறவர்களில் நம்மவர்கள் பின்தங்கவில்லை. சென்னையில் ஜெ. கேசவர்த்தனன் 1990-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த "கே7" ஜப்பான் வரை விற்றது. புனாவில் பத்தாவதோடு படிப்பை விட்டு, கால்குலேட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர் கைலாஷ் கட்கர். அவரும் தம்பி சஞ்சயும் கிளப்பியதுதான் "குவிக் ஹீல்". 2016-ல் பங்குச் சந்தைக்கே வந்தது. சின்ன ஊர்க் கம்ப்யூட்டர் கடைகளின் அலமாரியை இந்த இரண்டு அட்டைப்பெட்டிகளும் வெகு காலம் ஆண்டன.

அந்தக் காலத்துக்கு அது அவசியம். பிரவுசிங் சென்டரில் சொருகிய பென் டிரைவ் வீட்டுக்கு வந்தால் கூடவே வைரசும் வரும். சொருகியதும் தானாக ஓடுகிற "ஆட்டோ ரன்" வசதிதான் அதற்குக் கதவு. 2011-ல் மைக்ரோசாப்ட் பழைய விண்டோசுக்கும் அந்தக் கதவைச் சாத்தியது. 2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்து "டிபெண்டர்" என்ற காவல்காரனைக் காசில்லாமல் உள்ளேயே வைத்துவிட்டது. வீட்டில் பாட்டுக் கேட்டு, படிப்பு வேலை பார்த்து, ரயில் டிக்கெட் எடுக்கிறவருக்கு அது போதும் என்பது பெரியவரின் கட்சி. தப்பென்று சொல்ல முடியாது. பல கம்ப்யூட்டர்களுக்குக் கணக்கு வைத்திருக்கும் ஆடிட்டர் ஆபீஸ், ஆஸ்பத்திரி என்றால் கதை வேறு.

காசு கொடுத்து வாங்குகிறவர் இரண்டு விஷயம் பார்க்கட்டும். முதல் வருஷம் தள்ளுபடியில் கிடைப்பது, இரண்டாம் வருஷம் புதுப்பிக்கும்போது என்ன விலை? ஒரு கம்ப்யூட்டருக்கா, மூன்றுக்கா? ஒரே பெட்டியில் இரண்டு ஆன்டி வைரசைப் போட்டு "டபுள் பாதுகாப்பு" என்று நினைப்பது கூடவே கூடாது. ஒன்றை ஒன்று திருடன் என்று நினைத்துச் சண்டை போடும். கம்ப்யூட்டர் நத்தையாகும்.

பெரிய கூத்து இனிமேல்தான். ஆயிரம் ரூபாய் கொடுத்து ஆன்டி வைரஸ் போடுகிறவரின் கம்ப்யூட்டரிலேயே திருட்டு விண்டோஸ் ஓடும்! அதை உயிர்ப்பிக்கிற "கிராக்" புரோகிராமை ஓட்டும்போது, "ஆன்டி வைரசைக் கொஞ்ச நேரம் அணைத்து வை" என்று குறிப்பே வரும். வாசலில் கூர்க்காவை வைத்துவிட்டு, திருடன் வரும்போது டீ குடிக்க அனுப்புகிற மாதிரி.

2017 மே 12-ந் தேதி "வான்னாக்ரை" உலகத்தைப் பிடித்து ஆட்டியதே, ஞாபகம் இருக்கிறதா? பைல்களையெல்லாம் பூட்டிவிட்டு 300 டாலர் கப்பம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பித்தன. ஆந்திரப் போலீஸ் ஸ்டேஷன் கம்ப்யூட்டர்கள் சிலவும் மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முந்தியே, மார்ச்சில் கொடுத்துவிட்டது. போட்டவர் தப்பினார். போடாதவர் அழுதார். திருட்டுக் காப்பி வைத்திருப்பவர்களில் பலர் அப்டேட்டை நிறுத்தி வைப்பது வழக்கம்.

விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. 'செகண்ட் ஹாண்ட்' கம்ப்யூட்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று தாவுகிறவர்கள் விண்டோஸ் 11 அதில் ஏறுமா என்று கேட்டுவிட்டுத் தாவட்டும். பழைய பெட்டிகள் பலவற்றில் ஏறாது. 2011 செப்டம்பர் 15-ல் ஆரம்பித்த தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்புகளில் விண்டோசோடு "பாஸ்" என்ற இந்திய லினக்சும் போட்டுக் கொடுத்தார்கள். அதைத் திறந்து பார்த்த பிள்ளைகள் கொஞ்சம்தான். ஆனால் பழைய பெட்டிக்கு லினக்ஸ் ஒரு நல்ல மறுவாழ்வு.

திருடன் போனில் வருகிறான்!

ஆன்டி வைரஸ் பேச்சு முடிகிற சமயம் பெரியவர் கேட்ட கேள்விக்குக் கடைக்காரர் பதில் இல்லாமல் முழித்தார்.

"தம்பி, போன்ல ஒருத்தன் பேங்க்லேர்ந்து பேசறேன்னு சொல்லி ஓ.டி.பி. கேக்கறான். இந்த டப்பா அவனைத் தடுக்குமா?"

தடுக்காது. எந்த டப்பாவும் தடுக்காது.

ரிடையர் ஆனவர்களைத்தான் இந்தக் கும்பல் குறி வைக்கிறது. பென்ஷன் பணம், பி.எப். பணம் மொத்தமாகப் பேங்கில் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, நாங்க சரி பண்றோம்" என்று ஒரு ஆப்பைப் போடச் சொல்வார்கள். போட்டால் திரை முழுவதும் அவர்கள் கையில். அடுத்தது போலீஸ் யூனிபாரம் போட்டு வீடியோவில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டுவது. சட்டத்தில் அப்படி ஒரு அரெஸ்டே கிடையாது!

பணம் போய்விட்டால் 1930 என்ற நம்பருக்கு உடனே போன் போட வேண்டும். பணம் கும்பலின் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க முடிந்தால் திரும்ப வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மகனிடம்கூடச் சொல்லாமல் இரண்டு நாள் கழிக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் பணம் முழுகுகிறது.

பையனின் முறை!

இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்த பையன் வாயைத் திறந்தான்.

"அப்பா... கிராபிக்ஸ் கார்டு?"

"எதுக்குடா?"

"டிசைன் சாப்ட்வேருக்குப்பா."

அப்பா சிரித்துவிட்டார். அவருக்குத் தெரியாதா? 1990-களில் டி.வி.யில் மாட்டுகிற வீடியோ கேம் பெட்டி வீட்டுக்கு வீடு வந்தது. ஜப்பானின் நின்டெண்டோ 1983-ல் விட்ட பெட்டியின் நகல்கள் அவை. மஞ்சள் கேசட்டில் "9999 கேம்" என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்து பதினைந்து ஆட்டம்தான் மாறி மாறி வரும். அந்தக் காலத்து 1 டி.பி. பென் டிரைவ்!

ஆபீசில் கம்ப்யூட்டர் வந்த புதிதில் சாப்பாட்டு நேரத்தில் "டேவ்" ஆடாத கிளார்க் யார்? அமெரிக்காவின் ஜான் ரொமேரோ 1988-ல் எழுதிய ஆட்டம். மொத்தம் பத்து கட்டம். மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் 1984-ல் செய்த "டெட்ரிஸ்" இன்னும் சின்னது. அப்புறம் "ரோட் ராஷ்", 2002-ல் "வைஸ் சிட்டி". பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வரிசையில் நின்று ஆடிய தலைமுறை இன்றைக்கு அப்பாக்கள். அன்றைக்கு நாலைந்து தட்டில் அடங்கியது ஆட்டம். இன்றைக்குப் பெரிய ஆட்டம் ஒன்று 100 ஜி.பி.யைத் தாண்டும். டவுன்லோடு முடிவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும்!

கிராபிக்ஸ் கார்டு சமாசாரத்தில் பெரியவர் அரை மனதாக இறங்கி வந்தார். படம் வரைகிற, வீடியோ வெட்டுகிற வேலைக்கு அது நிஜமாகவே உதவும். ஆனால் இதன் விலை தக்காளி விலை மாதிரி. 2020, 21-ல் கிரிப்டோ காசு தோண்டுகிறவர்கள் மொத்தமாக அள்ளியதாலும், சில்லு தட்டுப்பாட்டாலும் விலை எகிறியது. 2025 கடைசியில் செயற்கை அறிவுக் கம்பெனிகள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதால் ராம் விலை ஏறியது. பெரியவர் சொன்ன யோசனை: "இப்ப போர்டுல இடம் விட்டு வாங்கு. ரெண்டு செமஸ்டர் அரியர் இல்லாம வா. அப்பறம் பாக்கலாம்." பேரம் படிந்தது.

பப்ஜி போச்சு... ரம்மி?

ஆட்டம் என்றால் பெற்றோருக்கு ஒரே பயம்தான். நியாயமான பயம். உலக சுகாதார அமைப்பு "கேமிங் டிஸ்ஆர்டர்" என்பதை வியாதிப் பட்டியலில் சேர்த்து, அது 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஆடுகிற எல்லாரும் நோயாளி என்று அர்த்தம் இல்லை. சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாவற்றையும் ஆட்டம் தின்று, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் நிறுத்த முடியாமல், வழக்கமாக ஒரு வருஷம் வரை நீடித்தால்தான் அந்தப் பெயர்.

2020 செப்டம்பர் 2-ல் பப்ஜியை மத்திய அரசு தடை செய்தது. 2021 ஜூலையில் அதே ஆட்டம் வேறு சட்டை போட்டு "பி.ஜி.எம்.ஐ." என்று வந்தது. 2022 ஜூலையில் அதுவும் போனது. 2023 மே மாதம் திரும்பியது. அப்போது 18 வயதுக்குக் கீழே நாளைக்கு 3 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். சீனாவில் 2021-ல் பிள்ளைகளுக்கு வைத்த வரம்பு வாரத்துக்கே 3 மணி நேரம்! பையன்கள் அப்பாவின் போனில் அப்பாவின் வயதில் ஆடினால் எந்த வரம்பும் காற்றில்தான்.

காசு வைக்காத ஆட்டத்தில் போவது நேரம். காசு வைக்கிற ஆட்டத்தில் போவது வீடு. தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்ட செய்திகள் வராத மாதம் இல்லை என்ற காலம் இருந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு 2022-ல் அறிக்கை கொடுத்தது. அந்த வருஷமே தடைச் சட்டம் கொண்டுவந்து, 2023 ஏப்ரலில்தான் கவர்னர் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் சென்னை ஐகோர்ட், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சொல்லி அவற்றின் மேலான தடையை நீக்கியது. 2025 பிப்ரவரியில் ராத்திரி 12 மணியிலிருந்து விடிகாலை 5 வரை காசு ஆட்டம் கூடாது என்று தமிழக அரசு விதி போட்டது. ஜூனில் ஐகோர்ட் அதைச் சரி என்றது. ஆகஸ்டில் பாராளுமன்றமே காசு ஆட்டம் முழுவதையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றி, 22-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். நடத்துகிறவருக்கு 3 வருஷம் வரை ஜெயில், 1 கோடி வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை.

சட்டம் வந்தாலும் வெளிநாட்டிலிருந்து நடத்தும் பந்தய ஆப்களின் லிங்க் வாட்ஸ்-அப்பில் வருவது நிற்கவில்லை. "ஜெயித்த பணம் வேண்டுமா, முதலில் வரி கட்டு" என்று கேட்கும் ரகம். பையனுக்கு அப்பா போட்ட ஒரே கண்டிஷன், தன் பேங்க் கார்டு நம்பர் எந்த ஆட்டத்திலும் ஏறக் கூடாது என்பது. மற்றபடி சனி, ஞாயிறு ஆடிக்கொள்ளட்டும் என்றுவிட்டார்.

பில் போடட்டுமா சார்?

சாமான் எல்லாம் மேஜையில் அடுக்கியாகிவிட்டது. கடைக்காரர் காதோரம் வந்தார்.

"சார்... பில் வேணுமா? வேணாம்னா 18 பர்சென்ட் மிச்சம்."

எத்தனையோ பேர் வழுக்கி விழும் இடம் இது. 50 ஆயிரத்தில் 9 ஆயிரம் ரூபாய் லாபம் கண்ணை உறுத்தும். ஆனால் ஜி.எஸ்.டி. பில் இல்லாவிட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வாரண்டிக்கு வாய் திறக்க முடியாது. மதர் போர்டு ஒன்று போனால் அந்த 9 ஆயிரமும் கூடவே போகும்.

2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20-லிருந்து அமலில் இருக்கிறது. பில் கொடுக்க மறுப்பதே அதில் முறையற்ற வணிகம். பில்லின் அடியில் "விற்ற சாமான் திரும்ப எடுக்கப்பட மாட்டாது" என்று ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருப்பார்கள். குத்தினால் குத்தட்டும். குறை உள்ள சாமானை பில்லில் சொன்ன நாளுக்குள், நாள் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே குற்றச்சாட்டில் சேரும்.

முதலில் 1915 என்ற நம்பரில் புகார் சொல்லலாம். நடக்காவிட்டால் கடலூரில் மாவட்ட நுகர்வோர் கமிஷன். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால், சாமான் சென்னையில் வாங்கியதா, ஆன்லைனில் வாங்கியதா என்ற கவலையும் இல்லை.

பெரியவர் மடித்த காகிதத்தை மேஜையில் விரித்தார். ஒவ்வொரு சாமானுக்கும் நேராக ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தார்.

"பில் போடு தம்பி. ஒவ்வொண்ணுக்கும் சீரியல் நம்பர் எழுதணும். எஸ்.எம்.பி.எஸ்.சுக்கும் தனியா எழுது."

கடைக்காரர் டப்பாவைத் திருப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நம்பரைப் படிக்க ஆரம்பித்தார்.